சேற்றில் இறங்கும் வெள்ளி

'நேனோ சில்வர், கிருமி அண்டாது' என்று எழுதிய துணிமணிகளைக் கடையில் பார்த்திருப்பீர்கள். அது என்ன வெள்ளி?

ஒரு மீட்டரை 100 கோடி பங்கு போட்டால் ஒரு பங்குதான் நேனோமீட்டர். தலைமுடியின் பருமனே சுமார் 80,000 நேனோமீட்டர் வரும். 100 நேனோமீட்டருக்கும் சிறிய வெள்ளித் துகள் கிருமியைக் கொல்லும். நம்ம பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடலுயிரியல் மையத்தார், அலையாத்திச் சேற்றில் எடுத்த பூஞ்சையைக் கொண்டே இதைச் செய்து 2009-ல் வெளியிட்டார்கள்!

சரி, துவைத்த தண்ணி எங்கே போகுது? 2008-ல் அமெரிக்காவின் அரிசோனாவில் இந்தச் சாக்ஸ்களை வெறும் தண்ணீரில் அலசிப் பார்த்தார்கள். சிலதில் நாலே அலசலில் ஏறக்குறைய எல்லா வெள்ளியும் போயிடுச்சு.

ஆற்று நீரில் அது மெல்லக் கரைந்து, மீன் செவுள் வழியாக உப்புச்சத்து ஏறுவதைத் தடுக்கும். வெள்ளாற்று முகத்துவாரம் போன்ற இடத்தில் கதை வேற. உப்புத் தண்ணி பட்டதும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கட்டியாகிச் சேற்றில் இறங்கும். மேலே தண்ணி தெளிவாத்தான் தெரியும். மட்டியோ தண்ணீரை வடிகட்டித் தின்கிற உயிர். துகளும் கூடவே உள்ளே போகும். நண்டும் இறாலும் அதே சேற்றில்தான். பிச்சாவரத்தில் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் சகோதரிகளுக்கு அந்தச் சேறுதான் சோறு.

இதுக்காக இறால் வாங்காம இருக்க வேண்டாம். துணிக்கு நல்ல வெயிலே போதும். சோப்பு, பினாயில் செய்யும் குழுக்களிடம் யாராவது நேனோ வெள்ளிக் கரைசல் விற்க வந்தால், அதில் வெள்ளி எவ்வளவு, கழிவை எங்கே கொட்டணும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்க.