தீவுக்குப் புறப்படும் பேத்திக்கு

கண்ணு, விடுமுறைக்கு ஒரு தீவுக்குப் போகவேண்டும், கோயில் குளம் பார்க்கவேண்டும், காட்டுக்குள் நடக்கவேண்டும், கடலிலும் ஆசை தீரக் குளிக்கவேண்டும் என்று கேட்டாய். செமோரில் இருந்துகொண்டு இதற்காக விமானம் ஏற வேண்டாம். நம் பேராக்கிலேயே பங்கோர் இருக்கிறது. மேரு ராயா அமான்ஜெயா நிலையத்தில் பஸ் ஏறினால் லூமுட். லூமுட்டில் படகு ஏறினால் பங்கோர். தோட்டத்து ஆட்களோடு லாரியில் போன காலம் தொட்டு எனக்குப் பழகிய தீவு அது. தெரிந்ததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

1. ஒரே தீவைப் பிடி. லங்காவி, பினாங்கு, பங்கோர் மூன்றையும் ஒரே வாரத்தில் சுற்றிவரத் திட்டம் போடுகிறவர்கள் படகுத் துறையிலும் பஸ் நிலையத்திலுமே பாதி விடுமுறையைக் கழிக்கிறார்கள். அகலக் கால் வைக்காதே. இரண்டு இரவு தங்கு. முதல் நாள் எந்தத் திட்டமும் வேண்டாம், சும்மா இரு. ஓடியாடி வேலை செய்தவர்களுக்குச் சும்மா இருக்கக் கொஞ்சம் பழக்கம் வேண்டும்.

2. காலம் பார்த்துப் போ. நவம்பர் தொடங்கிப் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்றில் கிழக்குக் கரை கொந்தளிக்கும். ரெடாங், பெர்ஹெந்தியான் பக்கம் விடுதிகளைச் சாத்திவிடுவார்கள். பங்கோர் மேற்குக் கரையில், சுமாத்திராவின் மறைவில் இருப்பதால் ஆண்டு முழுக்கப் போகலாம். ஆனால் அக்டோபர், நவம்பரில் மழை பிடித்தால் விடாது. பள்ளி விடுமுறையிலும் சீனப் புத்தாண்டிலும் அறை கிடைப்பது கடினம். வார நடுவில் போனால் கடற்கரை உனக்கு, செலவும் குறைவு.

3. போவதற்கு முன் அந்த மண்ணின் கதையைத் தெரிந்துகொள். இதை நான் எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்கிறேன். தெலுக் கெடோங் கிராமத்தில் செங்கல் சுவர்கள் மட்டும் மிஞ்சிய ஒரு கோட்டை இருக்கிறது. டச்சுக்காரர்கள் 1670-இல் கட்டியது. பேராக்கின் ஈயத்தைத் தங்கள் கைக்குள் வைத்துக்கொள்ளத்தான் கட்டினார்கள். 1690-இல் பங்ளிமா கூலுப் தலைமையில் மலாய்க்காரர்கள் அதைத் தாக்கி அவர்களை விரட்டினார்கள். 1743-இல் டச்சுக்காரர்கள் திரும்பி வந்து செப்பனிட்டார்கள். ஐந்தே ஆண்டில் மறுபடி விட்டுப் போனார்கள். கொஞ்ச தூரத்தில் ஒரு பெரிய பாறை கிடக்கிறது. அதில் புலி ஒன்று குழந்தையைக் கவ்வுவதுபோல் செதுக்கியிருப்பார்கள், கூடவே டச்சுக் கம்பெனியின் முத்திரை எழுத்துகளும் இருக்கும். காணாமற்போன ஒரு டச்சுக் குழந்தையின் நினைவாகச் செதுக்கியது என்று ஊரார் சொல்வார்கள். புலி தூக்கிப் போனதா, மனிதர்கள் தூக்கிப் போனார்களா என்பதில் ஆளுக்கொரு கதை. அவசரப்படாமல் பாறைக்கு எதிரே நின்று பார்.

அதைவிடப் பெரிய கதை ஒன்று உண்டு. 1874 ஜனவரி 20-ஆம் தேதி, இந்தத் தீவை ஒட்டி நங்கூரமிட்ட புளூட்டோ என்ற கப்பலில் பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தானது. அதன்படி ராஜா அப்துல்லா பேராக்கின் சுல்தான் ஆனார். சுல்தானுக்கு ஆலோசனை சொல்ல என்று ஒரு வெள்ளைக்கார ரெசிடெண்ட் வந்து உட்கார்ந்தான். முதலில் வந்த பர்ச், மறு ஆண்டே பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டான். ஆனாலும் வெள்ளைக்காரன் பிடி தளரவில்லை. அந்தப் பிடியின் கீழ்தான் ரயில் பாதை வந்தது, காப்பித் தோட்டம் வந்தது, பிறகு ரப்பர் வந்தது. பால் மரம் சீவ நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி நம் முன்னோர் வந்ததும் அந்த வழியில்தான். நீ செமோரில் பிறந்ததற்கான காரணத்தில் ஒரு நுனி அந்தக் கடலில் கிடக்கிறது, கண்ணு. லூமுட்டும் பங்கோரும் 1935 வரை பேராக்கோடு சேராமல் வெள்ளைக்காரனின் நேரடி ஆட்சியில் இருந்தன என்பதையும் நினைவில் வைத்துக்கொள். இது தெரிந்து படகேறுகிறவள் பார்க்கும் தண்ணீர் வேறு.

4. கோயிலுக்குக் கோயில் மரியாதையோடு போ. பங்கோரில் தமிழர் வீடுகள் குறைவு. ஆனாலும் கடலைப் பார்த்தபடி பத்ரகாளியம்மன் இருக்கிறாள். மாசி மகத்துக்குப் பல ஊர்களிலிருந்து சனம் பஸ் பஸ்ஸாக வந்து பால்குடமும் காவடியும் எடுக்கும். அன்றைக்குப் போகிறாயானால் அம்மனுக்காகவே போ. நீச்சல் உடுப்பையும் கேமராவையும் இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள். வேண்டுதலோடு, வெறுங்காலோடு நடந்து வருகிறவர்கள் முகத்துக்கு நேரே போனை நீட்டாதே. சுங்கை பினாங் பெசாரில் பூ லின் கோங் என்ற சீனக் கோயில் உண்டு, பின்னால் குட்டிச் சீனப் பெருஞ்சுவரே கட்டிவைத்திருக்கிறார்கள். அங்கும் செருப்பையும் குரலையும் அடக்கிக்கொள்.

5. படகில் அவசரம் ஆகாது. முதலில் சுங்கை பினாங் கெச்சில் துறையில் நிறுத்துவார்கள். எல்லாரும் எழுந்திருக்கிறார்களே என்று நீயும் மூட்டையைத் தூக்காதே. பங்கோர் பட்டணம் அடுத்த துறை. இறங்கியதும் இளஞ்சிவப்பு வேன்கள் நிற்கும். ஏறும் முன் வாடகையைக் கேட்டுவிடு. கேட்டபின் ஒரு வெள்ளி இரண்டு வெள்ளிக்காகப் பேரம் பேசி அவன் முகத்தைக் கோணவைக்காதே.

6. காடு அங்கே வாழும் உயிர்களுடைய வீடு. தெலுக் நிப்பாவில் சாயங்காலமானால் இருவாச்சிப் பறவைகள் மின்கம்பிமேலும் விடுதிக் கைப்பிடிமேலும் வந்து உட்காரும். பெரிய மஞ்சள் அலகு, அதன்மேல் ஒரு கொம்பு. சிறகடித்தால் காற்றைக் கிழிக்கிற சத்தம் கேட்கும். சிலர் பழம் நீட்டி ஊட்டிப் பழக்குகிறார்கள். நீ தள்ளி நின்று பார்த்தால் போதும். குரங்குக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தால் அடுத்து வரும் பிள்ளையின் கையிலிருந்து அது பிடுங்கும். நீ காட்டும் அன்புக்கு இன்னொருவன் கடி வாங்கக் கூடாது.

7. கடலிடம் வீரம் காட்டாதே. நம் பக்கத்துப் பையன்கள் ஈயக் குட்டையில் நீந்தக் கற்றவர்கள். குட்டைத் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும், கடல் இழுக்கும். தெலுக் நிப்பாவுக்கு எதிரே இருக்கும் கியாம் தீவுக்கு வற்றம் இறங்கும்போது தண்ணீரில் நடந்தே போகலாம் என்பார்கள். போகலாம்தான். ஏற்றம் எப்போது என்று கடைக்காரரிடமோ படகோட்டியிடமோ கேட்டுக்கொண்டு போ. இழுதுமீன் பட்டால் தேய்க்காதே, உடனே ஆள் கூப்பிடு.

8. சுற்றுலாக்காரர் போகாத பக்கமும் ஒரு காலை நட. தீவின் கிழக்குக் கரை உழைக்கிற கரை. நெத்திலியைப் படகிலேயே உப்புத் தண்ணீரில் வேகவைத்துக்கொண்டு வருவார்கள். கரையில் தட்டுத் தட்டாகப் பரப்பி வெயிலில் காயவிடுவார்கள். பெண்கள் குனிந்தபடி குப்பையும் தூசியும் பொறுக்குவதைப் பார். அந்த முதுகு உனக்குத் தெரிந்த முதுகு. 2020 தொடக்கத்திலிருந்து பங்கோர் வரியில்லாத் தீவு என்பதால் பலர் சாக்லேட் வாங்கப் போகிறார்கள். வாங்கிக்கொள், தவறில்லை. ஆனால் நெத்திலியையும் கருவாட்டையும் அந்தப் பெண்களின் கையால் வாங்கு.

9. கடைசியாக ஒன்று. தனியாகப் போகாதே என்று சொல்லமாட்டேன், உன் தோழிகளோடு போய் வா. ஆனால் அடுத்த முறை பக்கத்து வீட்டுப் பெரியம்மாவையும் கூட்டிப் போ. அந்தக் கால்கள் விடியுமுன் எழுந்து மரத்துக்கு மரம் நடந்தவை. லூமுட் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் கடலில் காலை வைத்ததில்லை. இன்னும் நடக்க முடிகிறது. தள்ளிப்போடாமல் இந்த மாசிக்கே அறைக்குச் சொல்லிவை. கீழ்த்தளத்து அறையாகக் கேள், அவரால் படி ஏற முடியாது.