ஒரே போர்வெல்லை ரெண்டு பேர் திருத்தினா?

போன செமஸ்டர் மினி புராஜெக்டுக்காக நாங்க மூணு பேர் பென்னாகரம் பக்கம் கைப்பம்புகளை மேப் பண்ணோம். ஆளுக்கொரு லேப்டாப், ஒரே ஷேப்ஃபைல், நடுவுல ஒரு பென்டிரைவ். நாலாம் நாள் திறந்து பார்த்தா, ரெண்டு நாளா வெயில்ல அலைஞ்சு நான் குறிச்ச புள்ளிகளைக் காணோம். நண்பன் தன்னோட பழைய காப்பியை அதுக்கு மேல ஒட்டிட்டான். அவனைத் திட்டவும் முடியல. "ரீப்ளேஸ் பண்ணவா?"னு கம்ப்யூட்டர் கேட்டிருக்கு, அவன் ஓகே கொடுத்திருக்கான்.

எங்களுக்குப் போனது ரெண்டு நாள் உழைப்பு. இதே தப்பு ஒரு மாவட்டத்தோட குடிநீர்த் தரவுல நடந்தா என்ன ஆகும்னு அப்பதான் யோசிச்சேன்.

தர்மபுரி மாவட்டத்துல நிலத்தடி நீர்ல ஃபுளோரைடு அதிகம்னு நமக்குத் தெரியும். இந்தியத் தரநிலைப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேற தண்ணியே இல்லன்னா 1.5 வரை. அதுக்கு மேல உள்ள தண்ணியை வருஷக்கணக்குல குடிச்சா பல்லுல கறை படியும், அப்புறம் எலும்பையும் பாதிக்கும். அதனாலதான் காவிரித் தண்ணியைக் கொண்டுவர ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் பாதிப்பு குறைப்புத் திட்டம் வந்தது. 2008-ல் அடிக்கல், 2013-ல் தொடக்கம். செலவு 1,928.80 கோடி ரூபாய், அதுக்கு ஜப்பான் கடனுதவி. தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் சேர்த்து ஆயிரக்கணக்கான குடியிருப்புகள். செயல்படுத்தினது தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம்.

இப்போ ஒரு பயிற்சி. இந்த அளவு திட்டத்துக்கு, குழாய், மேல்நிலைத் தொட்டி, போர்வெல், தண்ணீர்ப் பரிசோதனை எல்லாத்தையும் மேப்புல வைக்க ஒரு டேட்டாபேஸ் அமைங்கன்னு உங்களைக் கூப்பிட்டா எதைத் தேர்வு செய்வீங்க?

நம்மள்ல பலரும் உடனே சாஃப்ட்வேர் பேரைச் சொல்லுவோம். எத்தனை ஜிபி வரும்னு கேட்போம். ரெண்டுமே அடுத்த கேள்விதான். முதல்ல கேட்க வேண்டியது: ஒரே நேரத்துல எத்தனை பேர் எழுதுவாங்க? பார்க்கிறவங்க இல்ல, எழுதுறவங்க. மேப்பை நூறு பேர் பார்க்கலாம், அது பெரிய சிக்கல் இல்ல. ரெண்டு பேர் திருத்த ஆரம்பிச்சாதான் கதை மாறும்.

ஒரு ஆபீஸ்ல திருத்துறது ஒரே ஆள், மத்தவங்க பார்க்க மட்டும்தான்னா, சர்வரே வேண்டாம். ஒரு ஜியோபேக்கேஜ் ஃபைலோ, எஸ்ரியோட ஃபைல் ஜியோடேட்டாபேஸோ போதும். ஜியோபேக்கேஜ்ல ஒரு நேரத்துல ஒருத்தர்தான் எழுத முடியும். ஃபைல் ஜியோடேட்டாபேஸ்ல ஆளுக்கொரு டேட்டாசெட்டைத் திருத்தலாம், ஒரே டேட்டாசெட்டை ரெண்டு பேர் திருத்த முடியாது. ஆனா ஜியோபேக்கேஜை ஷேர்டு ஃபோல்டர்ல போட்டு நாலு பேர் எழுத முயற்சி பண்ணாதீங்க. நெட்வொர்க் வழியா லாக் சரியா வேலை செய்யும்னு நம்ப முடியாது, ஃபைலே கெட்டுப்போகலாம்.

நம்ம பயிற்சியில எழுதுறவங்க பல இடத்துல இருக்காங்க. குழாயைப் பொறியாளர் திருத்துவார், ஃபுளோரைடு அளவை ஆய்வகம் பதியும், கைப்பம்பு ரிப்பேரை ஊராட்சி பதியும். அதனால சர்வர் டேட்டாபேஸ் தவிர வழியில்ல. பணம் இருந்தா எஸ்ரியோட என்டர்பிரைஸ் ஜியோடேட்டாபேஸ். ஆரக்கிள், எஸ்க்யூஎல் சர்வர், போஸ்ட்கிரெஸ் மாதிரி ஒண்ணு மேல அது உட்காரும். இலவசம்னா போஸ்ட்கிரெஸோட போஸ்ட்ஜிஐஎஸ், கியூஜிஐஎஸ் வழியா திருத்தலாம். இலவசம்னா சின்னதுன்னு நினைக்காதீங்க. பிரான்ஸோட தேசிய வரைபட நிறுவனமான ஐஜிஎன்னே போஸ்ட்ஜிஐஎஸ்தான் பயன்படுத்துது. போஸ்ட்கிரெஸ்ல படிக்கிறவர் எழுதுறவரைத் தடுக்க மாட்டார், எழுதுறவரும் படிக்கிறவரைத் தடுக்க மாட்டார். நம்ம தேவைக்கு இதுதான் முக்கியம்.

சர்வர் வச்சாச்சு, பிரச்சினை தீர்ந்ததுன்னு நானும் நினைச்சேன். இல்ல.

ஒரு போர்வெல்லுக்கு 'நிலை'ன்னு ஒரு காலம் இருக்குன்னு வைங்க. காலையில ஊராட்சி ஊழியர் அந்த லேயரைத் திறக்கிறார். பம்பு ரிப்பேர் முடிஞ்சது, 'பயன்பாட்டில் உள்ளது'ன்னு மாத்துறார், ஆனா இன்னும் சேவ் பண்ணல. அதே நேரம் ஆய்வகத்துல ஃபுளோரைடு 2.3 வந்திருக்கு. அவங்க அதே காலத்துல 'குடிக்கக் கூடாது'ன்னு போட்டு சேவ் பண்றாங்க. மதியம் ஊராட்சி ஊழியர் சேவ் பண்றார். கியூஜிஐஎஸ் சேவ் பண்ற வரைக்கும் மாற்றத்தை உங்க கம்ப்யூட்டர்லயே வச்சிருக்கும். கடைசியா சேவ் பண்ணவர் எழுதினதுதான் நிக்கும். மேப்புல இப்போ அந்தத் தண்ணி குடிக்கலாம். எர்ரர் எதுவும் வராது. ரெண்டு பேர் மேலயும் தப்பில்ல, எங்க பென்டிரைவ் கதை மாதிரியேதான்.

இதுக்கு எஸ்ரி சொல்ற வழி வெர்ஷனிங். ஒவ்வொருத்தருக்கும் தனி வெர்ஷன், அவங்க மாற்றங்கள் தனியா சேர்ப்பு டேபிள், நீக்கல் டேபிள்ல சேரும். அப்புறம் ரிகன்சைல் பண்ணும்போது மோதல் இருந்தா காட்டும், சரிபார்த்து போஸ்ட் பண்ணணும். குழாய்ப் பாதையை ரெண்டு வாரம் உட்கார்ந்து மறுபடி வரையிற மாதிரி நீண்ட வேலைக்கு இது அருமை. ஆனா கம்ப்ரெஸ் பண்ணாம விட்டா அந்த டேபிள்கள் வீங்கி எல்லாமே மெதுவாகிடும்.

நம்ம போர்வெல் சிக்கலுக்கு அவ்வளவு கூட வேண்டாம்னு நான் நினைக்கிறேன். தப்பு டேபிள் டிசைன்ல இருக்கு. 'நிலை'ங்கற ஒரே காலம் ரெண்டு விஷயத்தைச் சுமக்குது: பம்பு ஓடுதா, தண்ணி நல்லதா. பரிசோதனைக்குத் தனி டேபிள் போடுங்க. போர்வெல் எண், தேதி, அளவு, அவ்வளவுதான். ஆய்வகத்துக்கு அதுல புது வரிசை சேர்க்க மட்டும் அனுமதி. பழசைத் திருத்தவோ அழிக்கவோ யாருக்கும் அனுமதி கிடையாது. குடிக்கலாமா கூடாதாங்கறதை யாரும் டைப் பண்ண வேண்டாம், கடைசிப் பரிசோதனையில இருந்து ஒரு வியூ கணக்கு போட்டுச் சொல்லும். மத்த டேபிளுக்கு யார், எப்போ, எதை மாத்தினாங்கன்னு ட்ரிக்கர் வச்சு ஒரு வரலாற்று டேபிள். டிபிஎம்எஸ் பேப்பருக்குப் படிச்ச நார்மலைசேஷன் இங்கதான் உதவுது. அதை மார்க்குக்காக மட்டும் படிச்சவன்ல நானும் ஒருத்தன்.

சிக்னல் இல்லாத இடத்துக்குக் க்யூஃபீல்ட் மாதிரி ஆப்ல ஆஃப்லைனா பதிஞ்சு, திரும்பி வந்து சிங்க் பண்ணலாம். மோதல் அங்கயும் வரும், ஆனா புது வரிசையா சேர்த்தா மோதுறதுக்கு ஒண்ணும் இல்ல.

தர்மபுரிக்கே உரிய ஒரு கண்ணி இருக்கு. 78 டிகிரி கிழக்குத் தீர்க்கக்கோடு நம்ம மாவட்டத்துக்கு நடுவுல போகுது. யூடிஎம் மண்டலம் 43-ம் 44-ம் பிரியறது அங்கதான். ஒகேனக்கலும் பென்னாகரமும் 43, தர்மபுரி நகரமும் அரூரும் 44. ஒருத்தர் 43-ல எடுத்த எண்களை 44-னு நினைச்சு ஏத்தினா, ஒகேனக்கல் போர்வெல் வங்காள விரிகுடாவுக்குள்ள போய் நிக்கும். அதனால முதல் நாளே மொத்த மாவட்டத்துக்கும் 32644-னு முடிவு பண்ணி, டேபிள்லயே பூட்டிடுங்க. ஒகேனக்கல் பக்கம் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சொச்சம் கூடக் காட்டும். போர்வெல் வேலைக்கு அது பரவாயில்ல.

கடைசியா, இதையெல்லாம் யார் பார்த்துக்குவாங்க? லைசென்ஸ் இலவசமா இருக்கலாம், தினமும் பேக்கப் எடுக்கிற ஆள் இலவசம் இல்ல. அந்த ஆள் மாறிப் போனா அடுத்தவருக்குப் பாஸ்வேர்டாவது தெரியணும். அப்படி ஒருத்தரும் இல்லாத ஆபீஸ்னா, நான் சர்வர் வேண்டாம்னே சொல்லுவேன். ஒரே ஃபைல், திருத்த ஒரே ஆள்.

எங்க புராஜெக்டை ஒரு பழைய லேப்டாப்ல போஸ்ட்ஜிஐஎஸ் போட்டு மறுபடி ஆரம்பிச்சோம். காணாமப் போன புள்ளிகளுக்காக ஒரு சனிக்கிழமை திரும்பவும் பென்னாகரம் பஸ் ஏறினேன். இந்த முறை பென்டிரைவ் நண்பனும் கூட வந்தான்.