திட்ட மதிப்பீட்டில் மக்களின் பங்கு

அணை, ஆலை, சுரங்கம் போன்ற வளர்ச்சித் திட்டங்களுக்கு ஆகும் செலவைப் பொறியாளர் கணக்கிட்டுவிடலாம். அவற்றால் நிலத்தடி நீர், காடு, விளைநிலம் ஆகியவற்றுக்கு நேரக்கூடிய இழப்பை அலுவலக ஆவணங்களைக் கொண்டு மட்டும் அறிய இயலாது. கோடையில் எந்தக் கிணறு முதலில் வற்றும் என்பதை அதில் நீர் இறைப்பவரே அறிவார். எனவே சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டில் மக்கள் பங்கு பெறுவது இன்றியமையாதது. அப்பங்கேற்பு திட்டம் தொடங்குமுன் அமைய வேண்டும் என்பதைப் பாலக்காடு மாவட்டத்தின் இரு நிகழ்ச்சிகள் தெளிவாக்குகின்றன.

முன்னரே நடந்த மதிப்பீடு

முதலாவது, அமைதிப் பள்ளத்தாக்கு. குந்திப்புழா ஆற்றில் 120 மெகாவாட் புனல்மின் நிலையம் அமைக்கக் கேரள மின்வாரியம் திட்டமிட்டது. அக்காலத்தில் பொதுமக்களின் கருத்தைக் கேட்கச் சட்டக் கட்டாயம் ஏதும் இல்லை. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்னும் மக்கள் அறிவியல் இயக்கம் தானே ஆய்வில் இறங்கியது. பல துறை வல்லுநர்கள் காட்டின் மதிப்பை மட்டுமன்றி மின்தேவையையும் மாற்று வழிகளையும் ஆராய்ந்து, 1979ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டனர். பேராசிரியர் எம்.ஜி.கே. மேனன் தலைமையில் அமைந்த குழுவும் பின்னர் இதனை ஆராய்ந்தது. 1983இல் திட்டம் கைவிடப்பட்டது; 1984இல் அப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

பின்னர் நடந்த மதிப்பீடு

இரண்டாவது, சித்தூர் வட்டத்துப் பிளாச்சிமடை. நல்லேப்பிள்ளியும் இதே வட்டத்தைச் சேர்ந்தது. மழைமறைவுப் பகுதியாதலின் இவ்வட்டத்தின் கிழக்குப் பகுதியில் நீர் அரிது. 1970ஆம் ஆண்டின் பரம்பிக்குளம் ஆழியாறு உடன்படிக்கைப்படி சித்தூர்ப்புழையில் கிடைக்கும் 7.25 டி.எம்.சி. நீரையும் கிணறுகளையுமே உழவர் நம்பியுள்ளனர்.

இத்தகைய இடத்தில், பெருமாட்டி ஊராட்சி எல்லைக்குள், 2000ஆம் ஆண்டில் கோக்கக்கோலா நிறுவனத்தின் ஆலை இயங்கத் தொடங்கியது. 1994ஆம் ஆண்டின் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப் பட்டியலில் குளிர்பான ஆலைகள் சேர்க்கப்படவில்லை. கிணற்று நீர் குறைந்தது, கெட்டது எனக் கூறி, பழங்குடியினர் பெரும்பான்மையாகக் கொண்ட மக்கள் 2002 ஏப்ரலில் போராட்டம் தொடங்கினர். நிறுவனம் இக்குற்றச்சாட்டுகளை மறுத்தது. 2003இல் ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் உற்பத்தி நின்றது. மாநில அரசு நியமித்த உயர்நிலைக் குழு 2010இல் இழப்பை ஏறத்தாழ 216 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. இழப்பீடு வழங்கத் தீர்ப்பாயம் அமைக்கும் சட்டமுன்வடிவைச் சட்டமன்றம் 2011இல் நிறைவேற்றியும் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை.

முன்னதில் மதிப்பீடு காட்டைக் காத்தது. பின்னதில் அது இழப்பைக் கணக்கிட மட்டுமே பயன்பட்டது.

இன்றைய நடைமுறை

2006ஆம் ஆண்டின் அறிவிக்கைப்படி, பட்டியலில் உள்ள பெரும்பாலான பெருந்திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்பு நடைபெற வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குறைந்தது 30 நாள் முன்னதாக நாளிதழ்களில் அறிவிக்க வேண்டும். வரைவு அறிக்கை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் உள்ளாட்சி அலுவலகங்களிலும் பார்வைக்கு வைக்கப்படும். கூட்டத்திற்கு ஆட்சியரோ, கூடுதல் மாவட்ட நடுவர் நிலைக்குக் குறையாத அவரது பிரதிநிதியோ தலைமை ஏற்பார். எழுந்த கருத்துகளுக்கு இறுதி அறிக்கையில் விடை கூறப்பட வேண்டும்.

விதி இருந்தால் மட்டும் போதாது. நல்லேப்பிள்ளி, தேவிகுளம், பீர்மேடு போன்ற எல்லைப் பகுதிகளில் தமிழ் பேசுவோர் பலர் வாழ்கின்றனர். அறிக்கையின் சுருக்கம் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் மட்டும் கிடைத்தால், அதனைப் படிக்க இயலாதவர் கூட்டத்தில் என்ன கேட்க முடியும்? ஆகவே எல்லைப்புற அலுவலர்கள் சுருக்கத்தைத் தமிழிலும் வழங்குவது, கூட்டத்திற்கு முன்பே ஊராட்சியில் படித்து விளக்குவது, கிணறுகளின் நீர்மட்டத்தை உழவரைக் கொண்டே பதிவு செய்வது ஆகியவற்றை மேற்கொள்ளலாம். இவற்றுக்கு ஆகும் செலவு சிறிது. பழுதடைந்த நிலத்தடி நீரை மீட்க ஆகும் செலவோ மிகப் பெரிது.