பில்லில் 50 பைசா: பைத்தான் போடும் கணக்கு

நமது வணிகர் வீட்டுப் பிள்ளைகள் பிளஸ் டூவில் கணினி அறிவியல் எடுத்தால் பைத்தான் மொழி படிக்கிறார்கள். படித்த கையோடு கடைக்கு ஒரு பில் புரோகிராமும் எழுதித் தருகிறார்கள். மகிழ்ச்சியே. ஆனால் கீழமாசி வீதி மொத்தக் கடையானாலும் உசிலம்பட்டி சில்லறைக் கடையானாலும், அதைக் கல்லாவில் வைக்குமுன் பைசாவை முழு ரூபாயாக்கும் இடத்தை நாம் பார்த்துவிட வேண்டும்.

2017-ஆம் ஆண்டு மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 170-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. வரித்தொகையில் 50 பைசாவோ அதற்கு மேலோ இருந்தால் அடுத்த ரூபாய். குறைந்தால் பைசாவை விட்டுவிட வேண்டும். நம் கணக்குப்பிள்ளைகளின் வழக்கமும் அதுவே.

பைத்தானில் இதற்கு 'ரவுண்ட்' என்ற கட்டளை உண்டு. 12.49 கொடுத்தால் 12, 12.51 கொடுத்தால் 13. சரிதான். 12.50 கொடுத்தால் 12 என்கிறது! ஆனால் 13.50-க்கு 14 தருகிறது. சரிபாதியில் நிற்கும் தொகையைப் பக்கத்திலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோவது அதன் விதி. பாதியை எப்போதும் மேலேயே ஏற்றினால் ஆயிரக்கணக்கான தொகைகளைக் கூட்டும்போது மொத்தம் பெருத்துவிடும் என்பதால் அப்படி வைத்தார்கள். புள்ளிவிவரக்காரருக்கு அது நியாயம். வரி பில்லுக்கு ஆகாது. பழைய பைத்தான் 2-இல் 13 என்றே வந்தது. 2008-இல் வெளியான பைத்தான் 3-இல்தான் மாறியது.

500 ரூபாய்ச் சரக்கு, வரி 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மத்திய வரி 12.50, மாநில வரி 12.50. சட்டப்படி 13-ம் 13-ம் 26. ரவுண்ட் போட்டால் 24. 540 ரூபாய்ச் சரக்கில் இந்த வித்தியாசமே தெரியாது. அதை மட்டும் போட்டுப் பார்த்தவர் புரோகிராம் சரி என்றே சொல்வார். வரியைப் பைசாவோடு விட்டு, பில் மொத்தத்தை மட்டும் முழு ரூபாயாக்குவோருக்கும் இதே கதைதான்.

இன்னொன்று. 2.675-ஐ இரண்டு தசமத்துக்குச் சுருக்கச் சொன்னால் 2.68 வராது, 2.67 வரும். கம்ப்யூட்டர் இரண்டின் அடுக்குகளில் எண்ணைச் சேமிப்பதால், உள்ளே இருப்பது 2.675-க்கு ஒரு மயிரிழை குறைவு.

ஆகவே தொகை முழுவதையும் முழு எண்ணாக, பைசாவிலேயே வைக்கச் சொல்லுங்கள். பைசாவோடு 50 கூட்டி, 100-ஆல் வகுத்து, மீதியை விட்டுவிட வேண்டும். பைத்தானில் இரட்டைச் சாய்கோடு இதைச் செய்யும். 1250-உடன் 50 சேர்ந்தால் 1300, விடை 13. 1249 என்றால் 1299, விடை 12.

சரக்குத் திரும்பி வந்து மைனஸில் பில் போடும்போது மட்டும் இது பிசகும்; 13-க்குப் பதில் 12 கழியும். முதலில் பிளஸ் தொகையாகவே கணக்கிட்டு, மைனஸ் குறியைக் கடைசியில் போட வேண்டும்.