தேயிலை மலையிலிருந்து தியோமான் கடல் பூங்காவுக்கு

கேமரன் மலைப் பள்ளிப் பிள்ளைகளைத் தியோமானுக்கு அழைத்துப் போகும் ஆசிரியர்களுக்கு:

1. நவம்பர் முதல் பிப்ரவரி வரை தேதி குறிக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் கடல் கொந்தளிக்கும்; படகுகள் நின்றுபோகலாம்.

2. பெர்ரி நேரம் கேட்ட பிறகே பேருந்து பேசுங்கள். படகேறும் மெர்சிங் துறையில் நீர்மட்டம் ஏறி இறங்குவதைப் பொறுத்தே படகு புறப்படும். நேரம் நாளுக்கு நாள் மாறும். விடியற்காலையில் மலையிறங்கிப் பிடித்துவிடலாம் என்ற கணக்கெல்லாம் வேண்டாம். முதல்நாளே போய்த் தங்குங்கள்.

3. இருக்கைதோறும் ஒரு பிளாஸ்டிக் பை செருகுங்கள். ரிங்லெட்டுக்குக் கீழே வளைவுகளில் யாருக்காவது குமட்டும்.

4. முழுக்கை நீச்சல் சட்டை கட்டாயம். குளிரில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தீவு வெயில் புதிது; சன்ஸ்கிரீனை மட்டும் நம்பவும் முடியாது, அதில் உள்ள சில ரசாயனங்கள் பவளத்துக்கு ஆகாது.

5. தீவில் தெக்கேக் கிராமத்துக்கு அருகிலுள்ள கடல் பூங்கா நிலையத்துக்கு முன்கூட்டியே தகவல் சொல்லுங்கள். சொல்லாமல் கூட்டமாகப் போய் நின்றால் விளக்கம் சொல்ல ஆள் இருக்கமாட்டார்.

6. மீனுக்கு ரொட்டி போட விடாதீர்கள். தின்று பழகிய மீன் பவளத்தில் படரும் பாசியை மேயாது.

7. திரும்பும்போது பைகளைச் சோதியுங்கள். செத்த பவளத் துண்டாக இருந்தாலும் எடுத்துவரத் தடை; பெரும்பாலும் காலுறைக்குள்தான் ஒளிந்திருக்கும்.