காணாமற்போன பந்து: கோல்ப் விதிகளில் ஒரு பாடம்

2021-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7-ஆம் நாள் டோக்கியோ ஒலிம்பிக்கில் மகளிர் கோல்ப் போட்டி முடிவுற்றபோது, பெங்களூரைச் சேர்ந்த அதிதி அசோக் நான்காம் இடத்தில் நின்றார். நான்கு நாட்களில் அவர் அடித்த அடிகள் 269. வெண்கலம் பெற்ற நியூசிலாந்தின் லிடியா கோ அடித்தவை 268. ஒரே ஓர் அடியில் பதக்கம் கைநழுவியது. அதுவரை கோல்ப் என்பது செல்வந்தர் பொழுதுபோக்கு என்று எண்ணியிருந்த பலரும் அன்று அதன் கணக்கைக் கேட்டறிய ஆவல் கொண்டனர்.

நம் சேத்துப்பட்டிலிருந்து ஆரணி வரை போனாலும் கோல்ப் திடலைக் காண முடியாது. ஆயினும் இவ்விளையாட்டின் விதி ஒன்றை நம் மாணவிகள் அறிந்துகொள்வது நன்று என்று கருதுகிறோம். அது பந்து காணாமற்போனால் என்ன செய்வது என்பது பற்றிய விதி.

முதலில் ஆட்டத்தைச் சுருக்கமாகக் காண்போம். தொடக்க மேடையிலிருந்து சிறு பந்தை மட்டையால் அடித்து, தொலைவிலுள்ள குழியில் விழச் செய்யவேண்டும். இவ்வாறு 18 குழிகள். குறைந்த அடிகளில் முடிப்பவரே வெற்றி பெறுவார். இடையில் மரங்களும் புதர்களும் குளங்களும் உண்டு. உதகமண்டலத்தில் வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் வகுக்கப்பட்ட திடலில், ஆங்கிலேயர் கொண்டுவந்த மஞ்சள் பூப்பூக்கும் முட்புதர்கள் அடர்ந்திருக்கும். அவற்றுள் புகுந்த பந்தை எடுக்கப் போனவர் கையெல்லாம் கீறலுடன் திரும்புவார்.

நம் தெருக்களில் சிறுவர் கிரிக்கெட் ஆடும்போது பந்து அடுத்த வீட்டுத் தோட்டத்தில் விழுந்தால் என்ன நிகழ்கிறது? 'அடித்தவனே எடுத்து வா' என்பர் சிலர். 'அவுட்' என்பர் சிலர். ஆளுக்கொரு விதி பேசி, கடைசியில் பந்துக்குச் சொந்தக்காரன் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான்.

கோல்ப் ஆடியவர்களுக்கும் இந்தத் தொல்லை இருந்திருக்கவேண்டும். 1744-இல் ஸ்காத்லாந்தின் லீத் நகரில் முதன்முதலாக எழுதப்பட்ட பதின்மூன்று விதிகளிலேயே இதற்கு ஒரு விதி உண்டு. பந்து தொலைந்தால் கடைசியாக அடித்த இடத்திற்கே திரும்பிச் சென்று வேறு பந்தை இடவேண்டும். எதிராளிக்கு ஓர் அடியும் விட்டுக்கொடுக்கவேண்டும். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளாகியும் அதன் சாரம் மாறவில்லை. தறியில் இழை அறுந்தால் நெசவாளர் அறுந்த இடத்துக்கே வந்து முடிச்சிட்ட பிறகுதானே மேலே நெய்கிறார்? இங்கும் அப்படித்தான். போன தூரமும் போயிற்று. தண்டனையாக ஓர் அடியும் கூடிற்று. முதல் அடி தொலைந்தால் அடுத்து அடிப்பது இரண்டாவது அடி அன்று, மூன்றாவது! ஓர் அடியில் ஒலிம்பிக் பதக்கம் போன கதையை நினைத்துப் பார்த்தால் இதன் கடுமை விளங்கும்.

தேடுவதற்கும் காலவரை உண்டு. முன்பு 5 நிமிடம் இருந்தது. 2019-இல் விதிகளைத் திருத்தியபோது 3 நிமிடமாகக் குறைத்துவிட்டனர். நற்செய்தியில் வரும் பெண், காணாமற்போன ஒரு வெள்ளிக்காசுக்காக விளக்கேற்றி வீடு முழுவதும் கூட்டிக் கிடைக்கும்வரை தேடினாள். கோல்ப் ஆடுபவருக்கு அந்த வசதி இல்லை. புனித அந்தோணியாரை வேண்டிக்கொள்வதென்றாலும் அந்த மூன்று நிமிடத்திற்குள் வேண்டிக்கொள்ளவேண்டியதுதான். அதற்குப் பின் தம் பந்து கண்ணெதிரே கிடந்தாலும் அது தொலைந்த பந்தே. அதை எடுத்து அடித்தால் 'தவறான பந்தை' அடித்த குற்றமாகும். அடிகளைக் கூட்டி வெற்றியைக் கணக்கிடும் போட்டியில் அதற்கு இரண்டு தண்ட அடிகள்.

மூன்று நிமிடம் எப்போது தொடங்குகிறது? ஆடுபவரோ அவருடைய மட்டைப் பையைச் சுமந்து வரும் உதவியாளரோ தேடத் தொடங்கியதும். இந்த உதவியாளரை ஆங்கிலத்தில் கேடி என்பர். நம் ஊரில் அச்சொல்லுக்கு வேறு பொருள் உண்டு. அதைக் கருதிச் சிரிக்கவேண்டாம். டோக்கியோவில் அதிதிக்குக் கேடியாகப் பையைச் சுமந்தவர் அவருடைய தாயார்தாம். தேடும்போது புல்லை மெல்ல விலக்கலாம். ஆனால் அடிப்பதற்கு வசதியாகக் கிளையை ஒடிக்கக் கூடாது. தேடுகையில் தவறிக் காலால் பந்தைத் தட்டிவிட்டால் 2019 முதல் தண்டனை இல்லை. இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தால் போதும். கிடைத்த பந்து தம்முடையது என்று அடையாளம் காட்டவும் வேண்டும். ஆகவேதான் ஆட்டத்திற்கு முன்பே பந்தின்மேல் பேனாவால் ஏதேனும் குறியிட்டுக்கொள்கின்றனர். சட்டைப் பையிலிருந்து இன்னொரு பந்தைப் புதரில் நழுவவிட்டு 'இதோ கிடைத்தது' என்று சொல்லவரும் சோதனைக்கும் அந்தக் குறி ஒரு தடை.

இப்போது கட்டுரையின் முக்கியப் பகுதிக்கு வருவோம். பந்து தொலைந்தது என்று தேடிப் பார்த்தபின் மீண்டும் தொடக்க மேடைக்கு நடந்துபோவதானால் பின்னால் வரும் குழுவினர் எல்லாரும் காத்திருக்கவேண்டும். இதைத் தவிர்க்கவே 'தற்காலிகப் பந்து' என்னும் ஏற்பாடு. முதல் பந்து புதரில் விழுந்திருக்கலாம், அல்லது எல்லையைக் கடந்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால், அங்கே நின்றபடியே இரண்டாம் பந்தை அடித்து வைக்கலாம். முதல் பந்து கிடைத்தால் இரண்டாவது கணக்கில் இல்லை. கிடைக்காவிட்டால் இரண்டாவதே ஆட்டப் பந்து. (குளம் போன்ற தண்டனைப் பகுதியில்தான் விழுந்தது என்று தெரிந்தால் இச்சலுகை இல்லை; அதற்கு வேறு விதி.)

ஆனால் ஒரு நிபந்தனை. அடிப்பதற்கு முன்பே, 'இது தற்காலிகப் பந்து' என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். 'இன்னொன்று அடிக்கிறேன்' என்றால் போதாது. அவ்வாறு சொல்லி அடித்துவிட்டால், முதல் பந்து அழகான புல்தரையில் கிடந்தாலும் அது செத்த பந்து.

ஒரு சொல்லுக்கு இத்தனை கடுமையா என்று தோன்றும். நாம் சற்று எண்ணிப் பார்த்தோம். சொல்லாமல் அடிக்க அனுமதித்தால் என்ன ஆகும்? இரண்டாம் பந்து குழியருகே விழுந்தால் 'இதுவே என் பந்து' என்பார். குளத்தில் விழுந்தால் 'அது தற்காலிகம்தான், முதல் பந்தைத் தேடுகிறேன்' என்பார். விளைவைக் கண்டபின் நோக்கத்தை மாற்றிக்கொள்ளலாம். முடிவு தெரியாத வேளையில் கொடுத்த வாக்கைத்தான் விதி ஏற்கிறது. கடுமையாயினும் இது நேர்மையான விதி என்பதே நம் கருத்து.

இதன் மறுபக்கமும் உண்டு. தற்காலிகப் பந்து குழிக்கு மிக அருகில் போய் நின்றுவிட்டது. முதல் பந்து முட்புதருக்குள். இப்போது முதல் பந்து கிடைக்காமலிருப்பதே இலாபம்! 'அது தொலைந்ததாகவே வைத்துக்கொள்கிறேன்' என்று சொல்ல முடியுமா? முடியாது. வாயால் சொல்வதால் பந்து தொலைந்துவிடாது. தேடாமல் இருக்கலாம், மற்றவர்களையும் தேடவேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம். ஆனால் எதிராளி விழுந்து விழுந்து தேடி, உரிய நேரத்துக்குள் அதைக் கண்டுபிடித்துவிட்டால், போய்ப் பார்த்தே தீரவேண்டும். தம்முடையதானால், குழியருகே இருக்கும் நல்ல பந்தை விட்டுவிட்டு முள்ளுக்குள் இறங்கவேண்டும்.

1998-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த அமெரிக்க ஓப்பன் போட்டியின் கடைசி நாளில் லீ ஜான்சன் என்பவரின் பந்து ஐந்தாம் குழியருகே மரக்கிளையில் சிக்கிக் காணாமற்போனது. அவர் தற்காலிகப் பந்து அடித்திருக்கவில்லை. மனம் நொந்து தொடக்க மேடையை நோக்கித் திரும்பி நடந்தார். அவ்வேளையில் மரத்திலிருந்து பந்து தானே கீழே விழுந்தது! அழைத்துச் சொல்ல, திரும்பி வந்து நான்கே அடிகளில் அக்குழியை முடித்தார். அப்போட்டியை அவர் வென்றது ஒரே ஓர் அடியில். தொடக்க மேடையை அடைந்து இன்னொரு பந்தை அடித்திருந்தால், மரம் பந்தைத் தந்தும் பயனில்லை.

பெரிய போட்டிகளிலும் ஒவ்வோர் ஆட்டக்காரர் பின்னாலும் நடுவர் நடப்பதில்லை. 1925-இல் பாபி ஜோன்ஸ் என்னும் அமெரிக்கர், நெடும்புல்லில் தம் பந்து இம்மியளவு அசைந்ததாகத் தாமே சொல்லித் தண்ட அடி ஏற்றுக்கொண்டார். வேறு எவரும் அதைப் பார்க்கவில்லை. அமெரிக்க ஓப்பனில் அவ்வாண்டு அவர் முதலிடத்தில் சமநிலையில் முடித்து, மறு ஆட்டத்தில் தோற்றார். அந்த ஓர் அடி இல்லையேல் பட்டம் நேரே அவருக்குத்தான்.

கற்றதைச் சோதித்துப் பார்க்க ஒரு கணக்கு. ஒரு மாணவி அடித்த முதல் பந்து புதர்ப்பக்கம் போயிற்று. 'தற்காலிகப் பந்து' என்று சொல்லி இன்னொன்று அடித்தாள். அது சிறிது தூரமே சென்றதால், புதரை எட்டுமுன் அதையே மீண்டும் ஒருமுறை அடித்தாள். பிறகு தேடினாள். இரண்டாம் நிமிடத்தில் முதல் பந்து கிடைத்தால், அவள் அடுத்து அடிப்பது 2-ஆவது அடி; தற்காலிகப் பந்தின் அடிகள் கணக்கில் சேரா. நான்காம் நிமிடத்தில் கிடைத்தால், தற்காலிகப் பந்தையே தொடரவேண்டும். அடுத்தது 5-ஆவது அடி. அந்தச் சொல்லைச் சொல்லாமலே அடித்திருந்து, முதல் பந்து முதல் நிமிடத்திலேயே கிடைத்தால்? அப்போதும் 5-ஆவது அடிதான்.