கெடு தவறாத கணினி

கேள்வி: ரியல்-டைம் சிஸ்டங்களில் ஷெட்யூலிங் பற்றிப் படிக்க எங்கே தொடங்கலாம்?
– கல்லூரி மாணவி, சூரமங்கலம்

பதில்: கரக்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ராஜிப் மாலின் என்.பி.டி.இ.எல். வகுப்புகள் இலவசம், அங்கே தொடங்கலாம்.

அடுத்தது, லியூவும் லேலண்டும் 1973-இல் எழுதிய கட்டுரை. இத்துறைக்கு இன்றும் அதுதான் அஸ்திவாரம். அடிக்கடி வரும் வேலைக்கே நிரந்தர முன்னுரிமை தந்தால், பிராசசரின் சுமை சுமார் 69 சதவீதத்தைத் தாண்டாதவரை எதுவும் கெடு தவறாது. கெடு நெருங்கியதை முதலில் எடுத்தால் 100 சதவீதம் வரை போகலாம். அந்த நிரூபணத்தைக் கையால் போட்டுப் பார்ப்பது அவசியம்.

சென்னை ஐ.ஐ.டி.யின் சி. சிவராம் மூர்த்தி, ஜி. மணிமாறனுடன் எழுதிய நூல் (எம்.ஐ.டி. பிரஸ், 2001) அதற்குப் பிறகு.

1997-இல் செவ்வாயில் பாத்ஃபைண்டரின் கணினி திரும்பத் திரும்ப ரீசெட் ஆன கதையையும் விடக்கூடாது. தாழ்ந்த முன்னுரிமை வேலை பூட்டிவைத்ததற்காக உயர்ந்த வேலை காத்துக்கிடந்தது. இடையில் நடுத்தர வேலைகள் புகுந்தன. பூமியிலிருந்தே மென்பொருளைத் திருத்தி நாசா அதைச் சரிசெய்தது.